விட்டுப்பிடிக்கும் மூளை

மேசைமேல் உள்ள குவளையை நோக்கி ஒரு கை நீள்வதைக் கணித மொழியில் எழுத முற்பட்டால், முதலில் எதிர்ப்படும் தொல்லை விடைகள் அளவுக்கு மீறிக் கிடைப்பதுதான். தோள்மூட்டு மூன்று அச்சுகளில் சுழலும், முழங்கை ஒன்றில் மடங்கும், முன்கை தன் நீளத்தைச் சுற்றித் திரும்பும், மணிக்கட்டு இரு திசைகளில் வளையும் என, விரல்களைக் கணக்கில் சேர்க்காமலேயே, ஒரு கையில் ஒன்றையொன்று சாராமல் மாறக்கூடிய அளவுகள் ஏழு இருக்கின்றன. இயற்பியலில் இவற்றைச் சுதந்திர இயக்கக் கூறுகள் என்பர். குவளை இருக்கும் இடத்தைக் குறிக்க மூன்று எண்களும், அதைப் பற்றும்போது உள்ளங்கை எப்பக்கம் நோக்கியிருக்க வேண்டும் என்பதைக் குறிக்க மூன்று எண்களுமாக ஆறே போதும் என்பதால், ஆறு நிபந்தனைகளுக்கு ஏழு மாறிகள் என்றாகி, குவளையை ஒரே விதமாகப் பற்றிக்கொண்டே முழங்கையை மட்டும் எண்ணற்ற உயரங்களில் வைத்துக்கொள்ள முடிகிறது. முடிவிடம் ஒன்றைப் பற்றிய கணக்கே இவ்வாறிருக்க, அங்குப் போய்ச் சேரும் பாதைகளும், பாதையின் ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு வேகம் என்பதும், ஒரே மூட்டை எதிரெதிராக இழுக்கும் தசைகளில் எது எவ்வளவு இறுகும் என்பதும் சேர்ந்துகொள்ளும்போது தெரிவுகள் கட்டுக்கடங்காமல் பெருகிவிடுகின்றன.

இந்தத் தொல்லையை ஓர் அறிவியல் கேள்வியாக வகுத்துக் காட்டிய பெருமை நிக்கொலாய் பெர்ன்ஸ்டீன் (1896–1966) என்ற சோவியத் உடலியலாளரைச் சேரும். 1922-இல் அவர் மாஸ்கோவிலிருந்த மத்திய உழைப்பு நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். கவிஞரும் தொழிற்சங்கவாதியுமான அலெக்ஸெய் காஸ்தெவ் தொடங்கிய அந்நிறுவனம், தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் அளந்து, அவற்றுள் சிறந்தது எதுவெனக் கண்டு, அதையே மற்றவர்களும் இம்மியும் பிசகாமல் செய்யப் பழக்கிவிடலாம் என்று நம்பியது. பெர்ன்ஸ்டீன் உளிமேல் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளியின் மூட்டுகளிலும் சுத்தியலிலும் சிறு மின்விளக்குகளைப் பொருத்தி, கேமராவின் முன் சுழலும் மூடி ஒன்றை வைத்து, ஒரே ஒளிப்படத் தகட்டில் அவற்றின் ஒளி விட்டுவிட்டு விழச் செய்தார். இதனால் ஒவ்வொரு மூட்டின் பயணமும் தகட்டில் புள்ளிக்கோடாகப் பதிந்தது; புள்ளிகளின் இடைவெளியிலிருந்து வேகத்தையும், வேகத்தின் மாற்றத்திலிருந்து விசையையும் அவரால் கணக்கிட முடிந்தது.

பதிவுகளில் தென்பட்டது நிறுவனத்தின் நம்பிக்கைக்கு நேர்மாறாக இருந்தது. பல்லாயிரம் முறை அடித்துக் கை தேர்ந்துவிட்ட தொழிலாளியிடத்திலும் இரண்டு அடிகள் ஒன்றுபோல் அமையவில்லை; தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு முறையும் சற்றே வேறு பாதைகளில் சென்றன. ஆயினும் சுத்தியலின் முனை, தன்னைத் தாங்கி நின்ற மூட்டுகளைக் காட்டிலும் குறைவாகவே தடுமாறியது. மூட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே பிழை செய்திருந்தால் அப்பிழைகள் யாவும் கூடிச் சுத்தியல் முனையில்தான் மிகுந்த சிதறல் தெரிந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழாததால், ஒரு மூட்டு விலகும்போது மற்றொன்று அதை ஈடுகட்டுகிறது என்றும், அடியை நினைவிலிருந்து ஒப்பிக்காமல் ஒவ்வொரு முறையும் புதிதாகவே மூளை தீர்த்துக்கொள்கிறது என்றும் பெர்ன்ஸ்டீன் முடிவுசெய்தார். எல்லோரையும் ஒரே அசைவுக்குள் அடக்க விரும்பிய ஒரு நிறுவனமே, அப்படி ஓர் அசைவு எவரிடத்திலும் இல்லை என்பதைக் கண்டறியும் செலவையும் ஏற்றுக்கொண்டது வரலாற்றின் குறும்புகளில் ஒன்று. 1947-இல் வெளிவந்த பெர்ன்ஸ்டீனின் நூல் அடுத்த ஆண்டே ஸ்டாலின் பரிசு பெற்றது. பாவ்லோவின் அனிச்சைக் கோட்பாட்டை மட்டுமே ஏற்கவேண்டும் என்ற அரசியல் இயக்கம் அதன்பின் வலுத்தபோது, அதே ஆய்வுகளுக்காக அவர் தம் ஆய்வகத்தை இழந்தார். அவருடைய கட்டுரைத் தொகுதி ஆங்கிலத்தில் வந்தது 1967-இல். அவர் மறைந்து ஓராண்டு கடந்திருந்தது.

பெர்ன்ஸ்டீன் விட்டுச்சென்ற கேள்விக்கு விடை தேட வந்தவர்களில் பலர் கட்டுப்பாட்டுப் பொறியியலும் கணினி அறிவியலும் கற்றவர்களாக இருந்தனர். ஒரு கருவியைக் கட்டுப்படுத்தப் பொறியாளர் முதலில் நாடுவது பின்னூட்டம், அதாவது விளைவை அளந்து, விரும்பியதற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு கட்டளையைத் திருத்துவது. உடலில் இந்த வழிக்கு ஒரு தடை உண்டு. தசை திடீரென இழுக்கப்படும்போது தண்டுவடத்தின் வழியாகவே எழும் எதிர்வினைக்குக் கூட ஏறத்தாழ 25 முதல் 50 மில்லி விநாடிகள் பிடிக்கின்றன. கண்ணால் கண்டு கையைத் திருத்த 100 மில்லி விநாடிக்கு மேல் வேண்டும். ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குப் பார்வை தாவும்போது விழி செய்யும் திடீர்ச் சுழற்சியோ பெரும்பாலும் 100 மில்லி விநாடிக்குள் முடிந்துவிடுவதால், அது பிழையானது என்று கண்ணிலிருந்து செய்தி வந்து சேரும்போது திருத்துவதற்கு எதுவும் மீதமிருப்பதில்லை. தாமதமாக வரும் செய்தியை நம்பி வலுவாகத் திருத்த முனையும் எந்த இயந்திரமும், ஏற்கெனவே சரியாகிவிட்ட பிழையை மறுபடியும் திருத்தி, மறுபக்கம் அளவு மீறிச் சென்று, அலையத் தொடங்கும் என்பது பொறியாளர் அறிந்த பாடம். முதல் உலகப்போரில் சிறுமூளையில் குண்டடிபட்ட வீரர்களை ஆராய்ந்த பிரித்தானிய நரம்பியலாளர் கார்டன் ஹோம்ஸ், அவர்களது கை இலக்கைத் தாண்டிச் சென்று திரும்புவதையும், இலக்கை நெருங்க நெருங்க நடுங்குவதையும் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். பழைய செய்தியை வைத்துத் திருத்த முயலும் கருவியும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்கிறது.

தாமதத்தைக் கடக்க ஒரே வழி, விளைவு இன்னதாக இருக்கும் என்று முன்கூட்டியே கணித்துவிடுவது. மூளை அவ்வாறு செய்கிறது என்ற எண்ணத்தின் வேர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. விழியைத் தசைகளால் திருப்பும்போது விழித்திரையில் விழும் உருவம் முழுவதும் நகர்கிறது, ஆனால் உலகம் அசைவதாகத் தோன்றுவதில்லை. இமைமேல் விரலை வைத்து விழியை மெல்ல அழுத்தி நகர்த்தினாலோ உலகமே அசைகிறது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைச் சிந்தித்த ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ், விழியைத் திருப்ப மூளை செய்யும் முயற்சியே பார்வையைத் திருத்தும் செய்தியாகவும் பயன்படுகிறது என்று கருதினார். 1950-இல் ஜெர்மனியைச் சேர்ந்த எரிக் ஃபான் ஹோல்ஸ்டும் ஹோர்ஸ்ட் மிட்டெல்ஷ்டேட்டும் ஓர் ஈயின் தலையை 180 பாகை திருப்பி ஒட்டிவைத்து ஆராய்ந்தபோது, அது தானாக நகர முற்பட்டவுடனே நிற்காமல் வட்டமடிக்கத் தொடங்கியது. அது எதிர்பார்த்த காட்சி ஒரு திசையிலும் கண்ட காட்சி எதிர்த்திசையிலும் நகர்ந்ததால், திருத்தும் ஒவ்வொரு முயற்சியும் பிழையைப் பெருக்கியது. தசைக்கு அனுப்பப்படும் கட்டளையின் பிரதியொன்று மூளைக்குள்ளேயே வேறோர் இடத்துக்கும் செல்கிறது என்பது இதன் பொருள். அந்தக் கட்டளை நகலைப் பெற்று, உடலும் சூழலும் எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்கும் நரம்பமைப்பை இன்று முன்னோக்கு மாதிரி என்கின்றனர்.

இதை எந்தக் கருவியும் இல்லாமல் சோதித்துப் பார்க்கலாம். உள்ளங்கையில் கனமான புத்தகம் ஒன்றை ஏந்திக்கொண்டு மற்றொருவரை அதைச் சட்டென எடுக்கச் சொன்னால், ஏந்திய கை தன்னையறியாமல் மேலே எழும்பும். அதே புத்தகத்தைத் தன் மறுகையாலேயே எடுத்தால் ஏந்திய கை ஏறக்குறைய அசையாமல் நிற்கும், ஏனெனில் சுமை நீங்கப்போகும் கணத்தை மூளை முன்பே அறிந்து, தாங்கும் தசைகளைத் தளர்த்திவிடுகிறது. தனக்குத்தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் இதுவே காரணம் என்பதை 1990-களின் இறுதியில் சாரா-ஜேன் பிளேக்மோர், டேனியல் வோல்பர்ட், கிறிஸ் ஃபிரித் ஆகியோர் லண்டனில் நிறுவினர். ஒரு கையின் அசைவை இயந்திரம் ஒன்று வாங்கி மறுகையின் உள்ளங்கையில் பஞ்சால் வருடும்படி அமைத்து, அசைவுக்கும் வருடலுக்கும் இடையே 100, 200, 300 மில்லி விநாடி எனத் தாமதத்தைக் கூட்டிக்கொண்டே சென்றபோது, வருடுபவர் தாமேயாக இருந்தும் கூச்சம் படிப்படியாக மிகுந்தது. கணிப்போடு பொருந்தும் உணர்வை மூளை தணித்துவிடுகிறது, பொருந்தாததை மட்டும் முழு அளவில் உணர்கிறது. 2003-இல் வோல்பர்ட்டும் ஃபிரித்தும் சுக்விந்தர் ஷெர்கிலோடு சேர்ந்து, இருவரை மாறிமாறி ஒருவர் விரலை மற்றொருவர் அழுத்தச் செய்து, தாம் உணர்ந்த அதே விசையைத் திருப்பித் தருமாறு கேட்டபோது, இருவரும் நேர்மையாகவே நடந்துகொண்டும் விசை சுற்றுக்குச் சுற்று ஏறிக்கொண்டே போனது. தாம் செலுத்தும் விசை ஒவ்வொருவருக்கும் தணிந்தே உணரப்படுவதால், வாங்கியதற்குச் சமமாகத் தருவதாக எண்ணி அதற்கு மேலாகவே தந்தனர். பள்ளிக்கூடச் சண்டைகளில் அவன்தான் பலமாக அடித்தான் என்று இரு தரப்பும் ஒரே நேரத்தில் உண்மையோடு சாதிப்பதற்கு இதில் ஓரளவு விளக்கம் இருக்கிறது.

கணிப்பு மட்டுமே போதுமானதன்று, ஏனெனில் சிறு பிழைகள் சேர்ந்து அது நாழிகை செல்லச் செல்ல உண்மையிலிருந்து விலகும். புலன்களின் செய்தியோ தாமதமானது, தெளிவற்றது. நம்பகம் குறைந்த இரண்டையும் கலந்து இரண்டையும்விட நம்பகமான ஒன்றைப் பெறும் கணித முறையை 1960-இல் ருடால்ஃப் கால்மன் வகுத்தார். அப்பல்லோ விண்கலங்களின் வழிகாட்டலில் பயன்பட்ட அந்த முறையில், கணிப்பும் அளவீடும் எந்த அளவுக்கு ஐயத்துக்குரியவை என்பதைப் பொறுத்து இரண்டிற்கும் எடை தரப்படுகிறது. இருட்டில் கையை நகர்த்தியவர்கள் தம் கை எங்கே இருப்பதாக மதிப்பிடுகிறார்கள் என்று அளந்த வோல்பர்ட், ஸூபின் கஹ்ரமானி, மைக்கேல் ஜோர்டன் (கூடைப்பந்து வீரரின் பெயரைக் கொண்ட கணினி அறிவியலாளர்) ஆகியோர், அம்மதிப்பீட்டில் காணப்பட்ட பிழை முதலில் வளர்ந்து ஒரு விநாடிக்குப் பிறகு குறையும் விதம் கால்மன் முறையோடு ஒத்துப்போவதை 1995-இல் காட்டினர். 2004-இல் கொன்ராட் கோர்டிங்கும் வோல்பர்ட்டும் ஒரு படி மேலே சென்றனர். கைக்குப் பதிலாகத் திரையில் காட்டப்பட்ட குறியைச் சராசரியாக ஒரு சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தி வைத்துப் பழக்கியபின், அந்தக் குறியை மங்கலாக்க மங்கலாக்க, பங்கேற்றவர்கள் கண்டதைவிடப் பழகிய சராசரியையே மேலும் மேலும் நம்பினர். நிகழ்தகவுக் கணிதம் இத்தகைய நிலையில் பரிந்துரைப்பதும் அதையேதான்.

இனி, எண்ணற்ற பாதைகளுள் எது தேர்ந்தெடுக்கப்படுகிறது என்ற பழைய கேள்விக்குத் திரும்பலாம். 1981-இல் பியெத்ரோ மொராஸோ, மேசைப்பரப்பின்மீது கைகள் ஒரு புள்ளியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதை அளந்தபோது, மூட்டுகளின் கோணங்கள் சிக்கலாக மாறினாலும் கையின் பாதை ஏறக்குறைய நேர்கோடாகவும், வேகத்தின் வரைபடம் மணியின் வடிவிலும் இருப்பதைக் கண்டார். நான்கு ஆண்டுகளில் தமார் ஃபிளாஷும் நெவில் ஹோகனும் இதற்கு ஓர் அழகிய விளக்கம் தந்தனர். முடுக்கம் எவ்வளவு திடீரென மாறுகிறது என்பதை ஜெர்க் என்ற அளவு குறிக்கிறது. பயணம் முழுவதிலும் அதன் வர்க்கத்தைக் கூட்டினால் வரும் தொகை மிகக் குறைவாக இருக்கும் பாதையை மூளை தெரிகிறது என்பது அவர்கள் கருத்து. அந்த நிபந்தனையிலிருந்து கிடைக்கும் சமன்பாட்டின்படி உச்சவேகம் சராசரி வேகத்தைப்போல் 1.875 மடங்காக, பயணத்தின் நட்டநடுவில் அமைய வேண்டும். அளவீடுகள் அதற்கு வியக்கத்தக்க அளவு நெருங்கி வந்தன. ஆனால் வழவழப்பாக அசைவதால் மூளைக்கு என்ன ஆதாயம் என்ற கேள்வி விடையின்றியே நின்றது. கணக்கிட எளிதானது என்பதற்காக இயற்கை ஓர் அளவைப் போற்ற வேண்டியதில்லை.

ஆதாயம் எங்கே இருக்கிறது என்பதை 1998-இல் கிறிஸ்டோபர் ஹாரிஸும் வோல்பர்ட்டும் காட்டினர். தசைக்குச் செல்லும் நரம்புச் செய்தியில் எப்போதும் கொஞ்சம் இரைச்சல், அதாவது குறிக்கோளில்லாத ஏற்ற இறக்கம் கலந்திருக்கும். கட்டளை எவ்வளவு வலுவானதோ அவ்வளவு இரைச்சலும் வலுக்கும் என்பதே இதில் முக்கியமான செய்தி. வெடுக்கென்று இழுத்து வெடுக்கென்று நிறுத்தும் அசைவுக்குப் பெரிய கட்டளைகள் தேவைப்படுவதால் கை போய்ச்சேரும் இடமும் மிகுதியாகச் சிதறும். கொடுக்கப்பட்ட நேரத்துக்குள், முடிவிடத்தின் சிதறல் மிகக் குறைவாக இருக்கும் கட்டளைத் தொடர் எது என்று அவர்கள் கணக்கிட்டபோது, கையின் மணிவடிவ வேகமும் விழிச்சுழற்சியின் வேக வரைபடமும் தாமாகவே வந்து விழுந்தன. 1954-இல் அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் அளந்து கண்ட ஒரு விதியும் அதில் அடங்கியிருந்தது: இலக்கின் தொலைவையும் அகலத்தையும் சேர்த்து இரட்டித்தால் கை சென்றடையும் நேரம் மாறுவதில்லை, தொலைவை மட்டும் இரட்டித்தால் ஒரு நிலையான அளவு கூடுகிறது. கணினித் திரையில் பொத்தான்களின் அளவைத் தீர்மானிப்பவர்கள் இன்றும் இந்த விதியையே நாடுகின்றனர்.

இந்த விளக்கத்திலும் ஒரு குறை இருந்தது. புறப்படுமுன் முழுப் பயணமும் தீர்மானிக்கப்பட்டுவிடுவதாக அது எடுத்துக்கொண்டதால், வழியில் நிகழும் திருத்தங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இமானுவேல் தொதொரொவும் ஜோர்டனும் 2002-இல் வெளியிட்ட கட்டுரையில் பாதை என்ற எண்ணத்தையே கைவிட்டனர். மூளை பாதையைத் திட்டமிடுவதில்லை. இந்தக் கணத்தில் உடல் இந்த நிலையில் இருந்தால் இந்தக் கட்டளை என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒரு திருத்தும் விதியை வைத்திருக்கிறது. பணியில் நேரும் பிழையும் செலவாகும் முயற்சியும் சேர்ந்த கூட்டுத்தொகையை மிகக் குறைப்பதே அவ்விதியின் இலக்கு. உகந்த பின்னூட்டக் கட்டுப்பாடு எனப்படும் இக்கோட்பாட்டின் சமன்பாடுகளைத் தீர்த்தால் எதிர்பாராத ஒரு பண்பு வெளிப்படுகிறது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் முயற்சி செலவாகிறது, ஒவ்வொரு கட்டளையும் புதிய இரைச்சலைக் கொண்டுவருகிறது; ஆகவே பணியைப் பாதிக்காத விலகலைத் திருத்துவது வீண் மட்டுமன்று, கேடும்கூட. பணியைப் பாதிக்கும் திசையில் நேரும் பிழைகளை மட்டும் இறுக்கிப் பிடித்து, மற்றத் திசைகளில் உடலை அதன்போக்கில் விட்டுவிடுவதே உகந்தது.

பெர்ன்ஸ்டீனின் ஒளிப்படத் தகடுகளில் மூட்டுகள் தடுமாறியும் சுத்தியல் முனை நிலைத்ததற்குக் காரணம் இப்போது சமன்பாடாகவே கிடைத்துவிட்டது. சிதறலைக் கட்டுப்பாட்டின் தோல்வியாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு, எங்கே சிதறல் மிகுதி, எங்கே குறைவு என்ற வடிவமே கட்டுப்பாட்டின் கையொப்பம் என்பது புதிய பார்வை. இதைச் சோதிக்க ஸ்டீபன் ஸ்காட்டின் கனடிய ஆய்வகம் 2012-இல் எளிய உத்தியொன்றைக் கையாண்டது. பங்கேற்பவரின் கை சிறு வட்டமொன்றை நோக்கியோ அகன்ற பட்டையொன்றை நோக்கியோ செல்லும் வழியில் இயந்திரம் அதைப் பக்கவாட்டில் தள்ளியது. இலக்கு வட்டமானால் கை வளைந்து திரும்பி வட்டத்துக்கே வந்தது. பட்டையானால், தள்ளப்பட்ட இடத்திலிருந்தே நேரே சென்று பட்டையின் வேறோர் இடத்தைத் தொட்டது. இந்த வேறுபாடு தசைகளின் மின்செயற்பாட்டில் தள்ளிய 100 மில்லி விநாடிக்குள்ளேயே தெரிந்துவிட்டதால், யோசித்து முடிவெடுப்பதற்கு நேரமில்லாத அனிச்சைகளுக்குள்ளேயே பணியின் நோக்கம் ஊடுருவியிருக்கிறது என்றாகிறது. யோர்ன் டீட்ரிக்ஸன் 2007-இல் கண்டதும் இதற்கு இணையானது. திரையில் இரு கைகளுக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தபோது, தள்ளப்பட்ட கை மட்டுமே திருத்திக்கொண்டது. இரு கைகளின் நடுப்புள்ளியில் ஒரே குறியை வைத்தபோது, தள்ளப்படாத கையும் உடனே சேர்ந்து திருத்தியது.

இக்கோட்பாட்டின் வலிமையிலேயே அதன் பலவீனமும் இருக்கிறது. எந்த அசைவை எடுத்துக்கொண்டாலும், அது எதைக் குறைப்பதற்காகச் செய்யப்பட்டது என்று பின்னோக்கிச் சென்று ஒரு செலவுக் கணக்கை எழுதிவிட முடியும். அவ்வாறு எழுதப்பட்டது விளக்கமா, அசைவின் மறுபதிப்பா என்று பிரித்தறிவது எளிதன்று. வேறு பணிக்காக எழுதப்பட்ட செலவுக் கணக்கு, மாற்றமின்றிப் புதிய பணியில் என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும்போதுதான் கோட்பாடு தன் கூலியைச் சம்பாதிக்கிறது. வட்டமும் பட்டையும் போன்ற சோதனைகளுக்கு மதிப்பு அதனாலேயே. நோயும் சில வேளைகளில் இந்தக் கணக்கைத் திறந்துகாட்டுகிறது. பார்க்கின்சன் நோயாளிகள் மெதுவாக அசைவது, விரைந்தால் குறி தவறும் என்பதால் இருக்கலாம் என்று கருத இடமுண்டு. ஆனால் பியெத்ரோ மட்ஸோனியும் ஜான் கிராகவரும் 2007-இல் அளந்தபோது, வேகமாகச் செய்யுமாறு கேட்கப்பட்ட நோயாளிகள் நலமுள்ளோரைப் போன்றே துல்லியமாகச் செய்தனர். தேவையான எண்ணிக்கையில் வேகமான அசைவுகளைச் செய்து முடிக்க அவர்களுக்குக் கூடுதல் முயற்சிகள் தேவைப்பட்டன. அவர்களிடம் குறைந்திருந்தது முயற்சியைச் செலவிடும் மனச்சாய்வு; மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்லியா என்ற நரம்பணுத் தொகுதிகளில் டோபமின் குறையும்போது, முயற்சியின் விலை ஏறிவிடுகிறது என்று இதைப் படிக்கலாம்.

கணிக்கும் மாதிரி ஒன்று மூளையில் இருக்கிறது என்றால் அது கற்றுக்கொள்ளவும் வேண்டும், ஏனெனில் குழந்தையின் கை வளர்கிறது, தசை களைக்கிறது, கையில் எடுக்கும் கருவி மாறுகிறது. 1994-இல் ரேஸா ஷத்மெஹரும் ஃபெர்டினாண்டோ முஸ்ஸா-இவால்டியும் பங்கேற்பவர்களை ஓர் இயந்திரக் கையின் பிடியை நகர்த்தச் செய்து, கையின் வேகத்துக்கேற்ப மாறும் விசையால் அதைத் தள்ளினர். முதலில் கோணலாகிப்போன பாதைகள் சில நூறு அசைவுகளில் பழையபடி நேராயின. பிறகு முன்னறிவிப்பின்றி விசை நிறுத்தப்பட்டபோது, பாதைகள் முன்பு தள்ளப்பட்ட திசைக்கு எதிர்த்திசையில், கண்ணாடி பிம்பத்தைப்போல் வளைந்தன. தசைகளைப் பொதுவாக இறுக்கிக்கொண்டு சமாளித்திருந்தால் இது நேர்ந்திருக்காது. எதிர்ப்படப்போகும் விசையின் மாதிரியொன்றை மூளை கட்டியெழுப்பி, அதை முன்கூட்டியே எதிர்த்துத் தள்ளியிருக்கிறது.

இந்தக் கற்றல் எந்தப் பிழையைக் கண்டு திருந்துகிறது என்பதை வெளிப்படுத்திய சோதனை, இத்துறையின் நூற்றுக்கணக்கான சோதனைகளுள் மிகவும் விந்தையானது. 2006-இல் மட்ஸோனியும் கிராகவரும் திரையில் தெரியும் குறியின் திசையை 45 பாகை திருப்பிவைத்து, அந்தச் சூழ்ச்சியைப் பங்கேற்றவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லி, அடுத்திருந்த இலக்கை நோக்கிக் கையை நீட்டினால் குறி சரியான இலக்கில் விழும் என்றும் கற்பித்தனர். அவர்கள் உடனே பிழையின்றிச் செய்தனர். அதன்பின் ஒவ்வோர் அசைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக இலக்கைவிட்டு விலகத் தொடங்கினர். பிழை பெருகுவதைக் கண்டும் அவர்களால் தடுக்க முடியவில்லை. இலக்கில் பிழையே இல்லாதபோதும், கை சென்ற திசைக்கும் குறி தோன்றிய திசைக்கும் இடையே கணிப்புப் பிழை இருந்துகொண்டே இருந்தது; உள்ளிருந்து கற்கும் அமைப்பு அதைத் திருத்துவதிலேயே கருத்தாக இருந்து, அதற்கு விலையாகப் பணியையே கெடுத்தது. சிறுமூளை பழுதுபட்டவர்களிடம் இதே சோதனையை 2010-இல் ஜோர்டன் டெய்லர், ரிச்சர்ட் ஐவ்ரி குழுவினர் செய்தபோது, அந்நோயாளிகள் அவ்வாறு விலகிச் செல்லாமல், சொல்லிக்கொடுத்த உத்தியைப் பிசகின்றிக் கடைப்பிடித்தனர். நலமுள்ளோரைவிட நோயாளிகள் நன்றாகச் செய்யும் சோதனை அரிது. கணிப்புப் பிழையைக் கற்கும் அமைப்பின் இருப்பிடத்தைச் சுட்ட அதைவிட நேரடியான சான்றும் அரிது.

சிறுமூளையின் உடற்கூறு அத்தகைய கற்றலுக்கென்றே வரையப்பட்ட மின்சுற்று போலத் தோற்றமளிக்கிறது. மனித மூளையின் ஏறத்தாழ 8600 கோடி நரம்பணுக்களில் சுமார் 6900 கோடி இங்கேதான் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை குறுமணிச் செல்கள். அங்குள்ள பர்கின்ஜி செல் என்ற வேறு வகை நரம்பணு ஒவ்வொன்றும் குறுமணிச் செல்களிலிருந்து வரும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இணை இழைகளிடமிருந்து மெல்லிய செய்திகளைப் பெறுகிறது. மூளைத்தண்டிலிருந்து வரும் ஒரே ஓர் ஏறு இழை அதைச் சுற்றிப் பின்னி, ஏறத்தாழ விநாடிக்கு ஒருமுறை வலுவான துடிப்பைத் தருகிறது. 1969-இல், 24 வயதான டேவிட் மார், அந்த ஒற்றை இழை ஆசிரியராக இருந்து இணை இழைகளின் இணைப்புகளை மாற்றியமைக்கிறது என்று எழுதினார். இணைப்புகள் வலுப்படும் என்பது அவர் கணிப்பு. 1971-இல் அமெரிக்கப் பொறியாளர் ஜேம்ஸ் ஆல்பஸ் அதே கருத்துக்குத் தனியே வந்தார், ஆனால் இணைப்புகள் வலுக்குறையும் என்றார். ஜப்பானில் மசாவோ இட்டோவின் குழு 1982-இல் ஆல்பஸின் பக்கம் தீர்ப்பளித்தது. கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. அந்த வலுக்குறைவு நிகழாதபடி மரபணு மாற்றப்பட்ட எலிகளும் அசைவுகளைக் கற்றுக்கொள்வது 2011-இல் தெரியவந்தபின், கற்றல் சிறுமூளையில் பல இடங்களில் பகிர்ந்து நடப்பதாகவே கருதப்படுகிறது.

கட்டளைகள் புறப்படும் பெருமூளையின் இயக்கப் புறணியில் படம் இன்னும் கலங்கலாகவே உள்ளது. 1960-களில் எட்வர்ட் எவார்ட்ஸ் விழித்திருக்கும் குரங்குகளின் நரம்பணுக்களில் மின்துடிப்புகளைப் பதிவுசெய்தபோது, அவை விசைக்கேற்ப மாறுவதைக் கண்டார். 1980-களில் அபோஸ்டலோஸ் ஜார்ஜோபுலோஸ், ஒவ்வொரு நரம்பணுவுக்கும் விருப்பமான ஒரு திசை இருப்பதையும், பல நரம்பணுக்களின் விருப்பங்களை அவற்றின் துடிப்பு வீதத்துக்கேற்பக் கூட்டினால் கை செல்லப்போகும் திசை கிடைப்பதையும் காட்டினார். விசையா, திசையா என்ற வழக்கு முப்பது ஆண்டுகள் நீடித்தது. 2012-இல் மார்க் சர்ச்லண்ட், ஜான் கன்னிங்ஹாம், கிருஷ்ணா ஷெனாய் ஆகியோர், நரம்பணுக்கள் எதைக் குறிக்கின்றன என்று கேட்பதை விடுத்து, அவற்றின் கூட்டுநிலை எப்படி நகர்கிறது என்று கேட்டனர். கை ஒரே ஒரு முறை நேராக நீளும்போதும் அந்தக் கூட்டுநிலை சுழல்வட்டத்தில் நகர்ந்தது. புறணியைக் கட்டளைகளின் அகராதியாக எண்ணாமல், தசைகளுக்கு வேண்டிய அலைகளைத் தோற்றுவிக்கும் இயங்கமைப்பாக எண்ணும் போக்கு அதன்பின் வலுத்தது.

இந்த எண்ணம் நடைமுறையில் பயன்பட்ட விதம் எதிர்பாராதது. கழுத்தளவில் தண்டுவடம் சிதைந்து கைகள் செயலிழந்த ஒருவருடைய இயக்கப் புறணியில் பதிக்கப்பட்ட மின்முனைகளிலிருந்து, அவர் நகர்த்த எண்ணும் குறியைத் திரையில் எழுத்துக்கு எழுத்து நேர்கோட்டில் செலுத்தித் தட்டச்சு செய்விக்கும் முறையில் நிமிடத்துக்கு 40 எழுத்துகள் வரையே எட்ட முடிந்திருந்தது. 2021-இல் ஃபிராங்க் வில்லெட்டும் ஷெனாயும் அவர்களுடைய குழுவினரும், பேனாவைப் பிடித்து எழுதுவதாகக் கற்பனை செய்துகொள்ளுமாறு அத்தகைய ஒருவரிடம் கேட்டு, நரம்பணுக்களின் கூட்டுநிலை நகரும் விதத்திலிருந்து எழுத்தைக் கண்டறியக் கணினிக்குக் கற்பித்தபோது, நிமிடத்துக்கு 90 எழுத்துகள் 94 விழுக்காட்டுக்கு மேற்பட்ட துல்லியத்தோடு கிடைத்தன. நேர்கோடுகள் எளியவை, ஆகவே கண்டறியவும் எளியவை என்றே அதுவரை எண்ணப்பட்டது. வெவ்வேறு திசைகளில் செல்லும் நேர்கோடுகளுக்குரிய நரம்புநிலைகள் ஒன்றையொன்று ஒத்திருந்ததால் இரைச்சலில் எளிதில் மயங்கின என்பதும், வளைந்து நெளியும் கையெழுத்தின் நரம்புநிலைகள் காலப்போக்கில் ஒன்றிலிருந்து ஒன்று வெகுதூரம் பிரிந்து சென்றதால் அவற்றைக் கணினி எளிதாக இனம் கண்டது என்பதும் அந்த ஆய்வில் கிடைத்த விளக்கங்கள்.